லண்டன் தமிழ்க் கோயில், பள்ளிக்கூட, சங்க நிர்வாகங்களுக்கு: கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கச் சொல்லாதேங்கோ

மதிப்புக்குரிய ஐயாமார், அம்மாமார், அண்ணைமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

கோயில் நிர்வாகசபை, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம், பழைய மாணவர் சங்கம், விளையாட்டுக் கழகம் எண்டு லண்டனில எங்கட சனத்தைக் கூட்டி வைச்சிருக்கிற உங்களுக்குத்தான் இந்த மடல். ஈஸ்ட்ஹாமில இருந்து ஹரோ மட்டும், இல்ஃபோர்டில இருந்து ரூட்டிங் மட்டும் ஒரு சேதி சனத்திட்டப் போகவேணும் எண்டா அது உங்கட வட்ஸ்அப் குறூப்பாலதான் போகும், அந்தளவு செல்வாக்கு உங்களிட்ட இருக்கு, அதாலதான் கவுன்சிலருக்கோ எம்பிக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுறன்.

2024 ஆகஸ்ட் 7ஆம் திகதி பின்னேரம் உங்களில சிலபேர் அனுப்பின மெசேஜ் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இண்டைக்கு கலவரக்காரர் வரப்போகினமாம், பிள்ளையளைக் கெதியாக் கூட்டிக்கொண்டு வீட்டை போங்கோ, கடையைப் பூட்டுங்கோ, ஒருத்தரும் வெளிய வரவேண்டாம், பொலிஸ் பாத்துக்கொள்ளும் எண்டு. அக்கறையிலதான் அனுப்பினீங்கள், அதில எனக்குச் சந்தேகமே இல்லை. சவுத்போர்ட்டில மூண்டு சின்னப் பிள்ளையளைக் கொலை செய்தவன் முஸ்லிம் அகதி எண்டு பொய்யைப் பரப்பி (அவன் கார்டிஃபில பிறந்தவன்), அந்த ஒரு கிழமைக்குள்ள பள்ளிவாசலுக்குக் கல்லெறிஞ்சு, ரொதர்ஹாமிலயும் ராம்வேர்த்திலயும் அகதியள் தங்கியிருந்த ஹொட்டலுக்கு உள்ள ஆக்கள் இருக்கத்தக்கனையா நெருப்பு வைச்சு, மிடில்ஸ்பரோவில றோட்டில காரை மறிச்சு நீ வெள்ளையோ, இங்கிலிஷோ எண்டு கேட்டவங்கள், அதெல்லாம் போனில பாத்த எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கத்தான் செய்யும்.

ஆனால் அண்டைக்குப் பின்னேரம் நான் வால்தம்ஸ்ரோ ஹோ ஸ்ட்ரீட்டில நிண்டனான். அங்க இருக்கிற குடிவரவு ஆலோசனை ஒஃபிஸ், தாக்கப்போற இடங்கள் எண்டு கலவரக்காரர் போனில சுத்தவிட்ட விலாச லிஸ்டில இருந்தது. நாலு மணிக்கு கடைக்காரர் கண்ணாடிக்கு மேல ப்ளைவுட் அடிச்சுக்கொண்டு நிக்கினம், சுத்தியல் சத்தம் தெரு முழுக்க, பஸ் ஸ்ரொப்பில நிண்ட கிழவி ஒருத்தி பையை நெஞ்சோட இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. ஆறரைக்குப் பிறகு ஸ்ரேசன் பக்கத்தால ஒரு ஐம்பது பேர், பிறகு நூறு, பிறகு எண்ணேலாது. பள்ளிவாசல் பெடியள், யூனியன் கொடியோட ரீச்சர்மார், குழந்தையைத் தள்ளுவண்டியில வைச்சுக்கொண்டு வந்த தாய்மார், வயசுபோன யூதச் சனம், கரீபியன் அம்மாக்கள். ஆயிரக்கணக்கில. வரவேண்டியவங்கள் வரேல்லை. அண்டைக்கு பிரிஸ்டல், லிவர்பூல், பிரைட்டன், நோர்த் ஃபின்ச்லி எண்டு கன இடத்தில இதே கதைதான், பிரைட்டனில வந்த கொஞ்சப் பேரைச் சனம் சுத்தி நிக்க, பொலிஸ்தான் நடுவில நிண்டு அவங்களைக் காப்பாத்தவேண்டி வந்தது. தெரு சனத்தால நிறைஞ்சிருந்ததாலதான் ப்ளைவுட்டுக்கு வேலை இல்லாமல் போனது, நாங்கள் எல்லாரும் உங்கட மெசேஜைக் கேட்டு வீட்டில இருந்திருந்தா அந்த ஒஃபிஸ் எரிஞ்சிருக்கும் எண்டுதான் நான் நம்புறன்.

இதுக்குள்ள நீங்கள் தெரிஞ்சுகொள்ளவேண்டிய ஒரு பழைய கதை இருக்கு, உங்களில கனபேர் கொமர்ஷல் றோட் பக்கம் ஒவ்வொரு நாளும் கார் ஓடுறனீங்கள், அதுக்குப் பக்கத்துத் தெரு ஒண்டிலதான் நடந்தது. 1936 ஒக்டோபர் 4. ஒஸ்வல்ட் மோஸ்லி எண்டவர் கறுப்புச் சட்டை போட்ட தன்ர பாசிசப் படையை யூதச் சனம் நெருக்கமா இருந்த ஈஸ்ட் எண்டுக்குள்ளால ஊர்வலமாக் கொண்டுபோகப் போறன் எண்டு அறிவிச்சார். இதை நிப்பாட்டுங்கோ எண்டு கிட்டத்தட்ட ஒரு லட்சம் கையெழுத்து வாங்கி அரசாங்கத்திட்டக் குடுத்தவை, உள்துறை அமைச்சர் ஏலாது எண்டிட்டார். யூதச் சமூகத்தின்ர பெரிய அமைப்பான போர்ட் ஒஃப் டெப்யூட்டீஸ் என்ன சொன்னது தெரியுமோ? வீட்டுக்குள்ள இருங்கோ, அந்தப் பக்கமே போகாதேங்கோ, கலவரத்தில மாட்டினா சமூகத்துக்குக் கெட்டபேர். அவையும் நல்ல மனசோடதான் சொன்னவை. கொம்யூனிஸ்ட் கட்சி கூட முதல்ல தன்ர ஆக்களை ஸ்பெயின் உள்நாட்டுப் போரில பாசிசத்துக்கு எதிரா நிண்ட பக்கத்துக்கு ஆதரவான வேற கூட்டத்துக்குத்தான் போகச் சொன்னது, கீழ இருந்த ஈஸ்ட் எண்ட் ஆக்கள் விடாப்பிடியா நிண்டபடியால் கடைசி நேரத்தில அச்சடிச்ச நோட்டீசுக்கு மேலயே திரும்ப அச்சடிச்சு இடத்தை மாத்தினது.

சனம் தலைமையின்ர சொல்லைக் கேக்கேல்லை. ஒரு லட்சத்துக்கும் மேல எண்டு சொல்லுவினம். கார்டினர்ஸ் கோர்னர் சந்தியில ஒரு ட்ராம் ட்ரைவர் ட்ராமை நடு றோட்டில விட்டிட்டு இறங்கிப் போயிட்டார், அதோட பாதை அடைச்சுப் போச்சுது. கேபிள் ஸ்ட்ரீட்டில லொறியைக் கவிட்டு மறிச்சவை, ஐரிஷ் துறைமுகத் தொழிலாளர் வந்து கல்லைக் கிண்டிக் குடுத்தவை, மேல் மாடி ஜன்னலில நிண்ட பொம்பிளையள் கையில அகப்பட்ட குப்பை எல்லாத்தையும் கீழ பொலிசுக்கு மேல கொட்டினவை. 6,000 பொலிசுக்கு மேல நிண்டும் பாதை திறக்க ஏலாமல், பொலிஸ் ஆணையாளர் மோஸ்லியைத் திரும்பிப் போகச் சொன்னார். அந்த ஐரிஷ் தொழிலாளருக்கும் யூதருக்கும் அதுக்கு முதல் நெடுக நல்ல உறவு எண்டு இல்லை, சந்தேகமும் சண்டையும் இருந்தது. ஆனால் துறைமுக வேலைநிறுத்த நேரத்தில யூதக் குடும்பங்கள் ஐரிஷ் பிள்ளையளை வீட்டில வைச்சுச் சாப்பாடு குடுத்ததை அந்தச் சனம் மறக்கேல்லை எண்டு அங்கத்தைய பழைய ஆக்கள் சொல்லுவினம்.

அந்த ஒரு நாளோட எல்லாம் முடிஞ்சது எண்டு நினைச்சா பிழை. அடுத்த கிழமையே மைல் எண்ட் றோட்டில யூதக் கடையளின்ர கண்ணாடியை அடிச்சு நொறுக்கினாங்கள். 1937 மார்ச் லண்டன் கவுன்ரி கவுன்சில் தேர்தலில பெத்னல் கிரீனில மோஸ்லியின்ர கட்சிக்கு 23 வீதம் வாக்கு. ஏன் விழுந்தது? அங்கத்தைய வெள்ளைத் தொழிலாளச் சனம் ஒழுகுற வீட்டில இருந்து வாடகை கட்ட ஏலாமல் கிடந்தது, உன்ர கஷ்டத்துக்கு யூதன்தான் காரணம் எண்டு சொல்ல ஒருத்தன் வீட்டுக் கதவைத் தட்டினான், வேற ஒருத்தரும் தட்டேல்லை. அதை விளங்கிக்கொண்ட ஆக்கள் ஸ்ரெப்னியில வாடகைக்காரர் சங்கம் கட்டத் தொடங்கினவை. 1937 ஜூன் மாசம் பாரகன் மான்ஷன்ஸ் எண்ட மாடிக்கட்டிடத்தில ரெண்டு குடும்பத்தை வாடகை நிலுவைக்காக வெளிய போடப் போகினம், பாத்தா அதுகள் ரெண்டும் மோஸ்லியின்ர கட்சி ஆக்கள். தங்கட கட்சியிட்ட உதவி கேட்டா கட்சி கைவிட்டிட்டுது. பாசிச எதிர்ப்பு ஆக்கள் அந்தக் கட்டிடம் முழுக்கக் கதவு தட்டிச் சனத்தைச் சேத்து, வாசலை அடைச்சு, வீட்டைக் காலி பண்ண வந்தவைக்கு மேல மாவையும் தண்ணியையும் ஊத்தித் துரத்தி, வெளியேத்தலை நிப்பாட்டினவை. அதுக்குப் பிறகு அந்தக் கட்டிடத்தில இருந்த ஆக்கள் தங்கட பாசிசக் கட்சிக் கார்டைக் கிழிச்சுப் போட்டினம். கேபிள் ஸ்ட்ரீட்டை எல்லாரும் கொண்டாடினம், எனக்கு எண்டா இந்த பாரகன் மான்ஷன்ஸ்தான் அதைவிடப் பெரிய வெற்றி.

பாசிச எதிர்ப்பு எண்டா தெருவில அடிபடுறது எண்டு நினைக்கிற உங்களுக்காகத்தான் இதை இவ்வளவு விரிச்சுச் சொன்னன். அதுக்கு எப்பவும் ரெண்டு கால். ஒண்டு, அவங்கள் தெருவைப் பிடிக்க வந்தா உடம்பைக் கொண்டுபோய் நிண்டு விடாமல் தடுக்கிறது. மற்றது, அவங்கள் எந்தச் சனத்தின்ர கஷ்டத்தில குளிர்காயிறாங்களோ அந்தச் சனத்திட்ட அவங்களுக்கு முதல் நாங்கள் போறது. 1985 இல லண்டனில தொடங்கின அன்டி ஃபாசிஸ்ட் அக்‌ஷன் எண்ட அமைப்பு இதைத் தன்ர அடிப்படைக் கொள்கையாவே வைச்சிருந்தது, தெருவிலயும் எதிர்க்கவேணும், கருத்திலயும் எதிர்க்கவேணும், ஒண்டை விட்டிட்டு மற்றதைச் செய்தா சரிவராது எண்டு. உங்களுக்குக் கிட்டத்தைய உதாரணம் வேணும் எண்டா பார்க்கிங் அன்ட் டகன்ஹாம். 2006 இல பிஎன்பி எண்ட இனவெறிக் கட்சி அங்க 12 கவுன்சில் இடம் பிடிச்சது, 2010 இல 12ஐயும் இழந்தது. நாலு வருசம் ஆக்கள் கதவு கதவாத் தட்டித்தான் அது நடந்தது, ரெலிவிஷன் விவாதத்தால இல்லை. அப்ப எங்கட சனம் அந்தப் பக்கம் வீடு வாங்கிக் குடியேறிக்கொண்டிருந்தது, அந்த வேலை செய்த ஆக்களுக்கு எங்கட ஒரு சங்கமாவது ஒரு தேத்தண்ணி வைச்சுக் குடுத்தது எண்டு நான் கேள்விப்படேல்லை.

இனி நீங்கள் சொல்லுற காரணங்களுக்கு வாறன்.

பொலிஸ் பாத்துக்கொள்ளும் எண்டு சொல்லுறீங்கள். ஐயா, இதை நீங்கள் சொல்லலாமோ? 1983 ஜூலையில கொழும்பில வாக்காளர் லிஸ்டைக் கையில வைச்சுக்கொண்டு வீடு வீடா வந்தவங்கள், பொலிசும் ஆமியும் பாத்துக்கொண்டு நிண்டது. அந்த நெருப்புக்குத் தப்பித்தான் உங்களில பாதிப்பேர் இங்க வந்தனீங்கள். 2024 இல போனில சுத்தின விலாச லிஸ்டைப் பாத்த உடன உங்களுக்குத்தான் முதல்ல நெஞ்சில தட்டியிருக்கவேணும். இந்த நாட்டுப் பொலிஸ் அந்தப் பொலிஸ் இல்லை எண்டு சொல்லுவீங்கள், சரி, வித்தியாசம் இருக்கு, ஏலுமான அளவு முறைப்பாடு குடுக்கத்தான் வேணும். ஆனால் சவுத்ஹோலில இருக்கிற உங்கட ஆக்களிட்டக் கேளுங்கோ, 1979 ஏப்ரல் 23 அண்டைக்கு நஷனல் ஃப்ரொன்ட் எண்ட இனவெறிக் கட்சி அந்த ஊர் ரவுண் ஹோலில கூட்டம் போட வந்தது, ஊர்ச்சனம் வேண்டாம் எண்டு எதிர்த்து நிண்டது, 2,700 பொலிசுக்கு மேல இறக்கினவை, ஆரைக் காப்பாத்தினது? கூட்டம் போட வந்தவனை. 700 பேரைக் கைது செய்தது, பிளேர் பீச் எண்ட நியூசிலாந்துக்கார வாத்தியாரின்ர மண்டை உடைஞ்சு செத்துப்போனார். அடிச்சது பொலிஸ்காரனாத்தான் இருக்கவேணும் எண்டு பொலிசே எழுதின அறிக்கை 2010 இலதான் வெளிய வந்தது, 31 வருசத்துக்குப் பிறகு.

அவங்கள் முஸ்லிம்களுக்குத்தான் எதிர், நாங்கள் சைவம், கிறிஸ்தவம், எங்களுக்கு என்ன எண்டு ஒருசிலபேர் சொல்லுறதையும் நான் கேட்டிருக்கிறன், ஒரு கோயில் மண்டபத்திலயே கேட்டனான். மிடில்ஸ்பரோவில காரை மறிச்சவன் நெத்தியில திருநீறு இருக்கோ எண்டு பாக்கேல்லை, தோலைத்தான் பாத்தான். 1991 டிசம்பர் கடைசியில நியூஹாமில ஒரு தமிழ் அகதியை ஒரு கும்பல் அடிச்சுப்போட்டுது, 1992 ஜனவரி தொடக்கத்தில அவர் செத்துப்போனார். அப்ப அவர் என்ன சமயம் எண்டு ஒருத்தனும் கேக்கேல்லை. அவருக்காகத் தெருவில இறங்கின ஆக்களில பாகிஸ்தான்காரர், பங்களாதேஷ்காரர், கறுப்புச்சனம், வெள்ளைச்சனம் எல்லாம் இருந்தவை. அவையின்ர பிள்ளையளைத்தான் நீங்கள் இப்ப ஆரோ எண்டு சொல்லுறீங்கள்.

நாங்கள் ஒழுங்கா வந்தனாங்கள், உவை போட்டில வந்தவை எண்ட கதையும் வேண்டாம். ஹீத்ரோவில பாஸ்போர்ட்டைக் கிழிச்சு ரொய்லெட்டில போட்டிட்டு வந்த எத்தினைபேர் இண்டைக்கு நிர்வாகசபைக் கதிரையில இருக்கினம் எண்டு எல்லாருக்கும் தெரியும், அதில ஒரு வெக்கமும் இல்லை, உயிர் தப்ப வந்தது. டியேகோ கார்சியா தீவில 2021 இல ஒதுங்கி மூண்டு வருசத்துக்கு மேல கூடாரத்தில எலியோட கிடந்து 2024 டிசம்பரில இங்க வந்து சேந்தது எங்கட தமிழ்ச்சனம்தான், ரொதர்ஹாமில நெருப்பு வைச்ச மாதிரி ஹொட்டல் ஒண்டிலதான் அவை மாதிரி ஆக்கள் இருக்கினம்.

கடைசிக் காரணத்தை நீங்கள் வாய்விட்டுச் சொல்லுறேல்லை, ஆனால் எனக்கு விளங்குது. பெடியளைச் சேத்து, தெருவில இறக்கி, எதிர்த்து நில் எண்டு சொன்னா அது எங்க போய் முடியும் எண்ட பயம். எங்கட நாட்டில நாங்கள் பாத்தது அப்பிடி. ஒரு தலைமை, கேள்வி கேட்டா துரோகி, பிள்ளை வீட்டை திரும்பி வராது, காசு எங்க போனது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அந்தப் பயம் நியாயமானது, அதைத் தள்ளிவிட்டுப்போட்டு உங்களிட்ட ஒண்டும் கேக்க எனக்கு உரிமை இல்லை. அதாலதான் இந்த நாட்டில இந்த வேலை எப்பிடி ஒழுங்குபடுத்தி நடந்தது எண்டு சொல்லவேணும்.

இதுக்கு மத்திய தலைமை எண்டு ஒண்டு தேவையில்லை. நல்லா ஓடின குழுக்கள் எல்லாம் ஊர் ஊராத் தனித்தனியா நிண்டது, தங்கட தெருவில என்ன செய்யிறது எண்டு அந்தத் தெரு ஆக்களே முடிவெடுத்தவை, பெரிய வேலை வந்தா மட்டும் பக்கத்து ஊர்களோட சேந்தவை. ஒரு ஆள் கைதானாலும் களைச்சாலும் வேலை நிக்காது, ஒரு ஆள் பிழைவிட்டாலும் எல்லாம் கவிழாது. போன் வைச்சிருக்கிற பொறுப்பு, காசுப் பொறுப்பு, தொண்டர் பொறுப்பு எல்லாம் சுத்தி மாறும், கணக்கு எல்லாருக்கும் முன்னால வாசிக்கப்படும். ஆயுதம் இல்லை. இது தற்காப்பு, தற்காப்புக்குச் சட்டத்தில இடம் இருக்கு, தன்னையோ இன்னொருத்தரையோ காப்பாத்த நியாயமான அளவுக்குப் பலம் பாவிக்கலாம், அந்த அளவைத் தாண்டேலாது. 1981 இல பிராட்ஃபோர்டில நஷனல் ஃப்ரொன்ட் தாக்க வருது எண்டு பெற்றோல் குண்டு செய்துவைச்ச 12 ஆசியப் பெடியளைப் பிடிச்சு சதிக் குற்றம் சாட்டினவை, ஊரைக் காப்பாத்தத்தான் செய்தனாங்கள் எண்டு அவை மறைக்காமல் சொல்லி 1982 ஜூனில லீட்ஸ் கோர்ட்டில ஜூரி அவ்வளவு பேரையும் விடுதலை செய்தது. நான் ஒரு பெடியனையும் பெற்றோல் குண்டு செய்யச் சொல்ல மாட்டன், செய்ய விடவும் மாட்டன், அந்தப் பெடியள் தனிச்சு நிண்டபடியால்தான் அந்த நிலைக்குப் போனவை எண்டு நான் நினைக்கிறன். பெரியாக்கள் ஊரோட சேந்து முன்னால நிண்டா பெடியள் இருட்டில தனிய முடிவெடுக்கவேண்டி வராது. உங்களிட்ட நான் கேக்கிறதின்ர உயிர்நாடியே அதுதான்.

நேருக்கு நேர் எதிர்க்கிறது எண்டா கன நேரம் அடிபாடே இல்லாத வேலை. ரெண்டாம் உலக யுத்தத்தில சண்டை பிடிச்சிட்டு வந்த யூதப் படைவீரர் 1946 இல 43 குறூப் எண்டு ஒண்டு தொடங்கினவை, திரும்பி வந்தா மோஸ்லியின்ர ஆக்கள் டால்ஸ்டன் ரிட்லி றோட்டில பழையபடி கூட்டம் போட்டுக்கொண்டு நிக்கினம். கைகலப்பு இருந்தது, அதை மறைக்கேலாது. ஆனால் அவையின்ர நல்ல உத்தி ஒண்டு என்னெண்டா, பேச்சு மேடை போடுற அந்த மூலையில பாசிசக்காரர் வர முதலே, விடியமுன்னம் போய்த் தங்கட ஆளை ஏத்தி விடுறது. முதல் வந்தவனுக்குத்தான் இடம் எண்டது அங்கத்தைய வழக்கம், வந்தவன் இடமில்லாமல் திரும்பவேண்டியதுதான். அதோட உள்ளுக்கு ஆள் அனுப்பி எப்ப எங்க கூட்டம் எண்டு அறியிறது, பத்திரிகை போடுறது, காயப்பட்ட ஆளைப் பாக்கிறது. 1950 இல தேவை குறைஞ்ச உடன தாங்களாவே கலைச்சிட்டு வேலைக்குப் போயிட்டினம். ஒரு அமைப்பு தன்ர வேலை முடிஞ்சா கலையலாம் எண்டது எங்கட சங்கங்களுக்கும் நல்ல பாடம்.

ஒழுங்கு எண்டு நான் சொல்லுறது இப்பிடியான சின்னச் சின்ன விசயங்கள். ஒரு எதிர்ப்புக்குப் போனா ஒண்டாப் போய் ஒண்டா வாறது, ஒருத்தரையும் தனிய ரெயின் ஏற விடுறேல்லை, பிள்ளையளோட வந்தவை எங்க நிக்கிறது எண்டு முதலே தீர்மானிக்கிறது. குடிச்சிட்டு வந்தவனைத் திருப்பி அனுப்புறது. எங்கட ஆக்களின்ர முகத்தைப் படம் பிடிச்சு டிக்டொக்கில போடுறேல்லை, ஏனெண்டா அவங்கள் அதை வைச்சு வீடு தேடி வருவாங்கள், விசா முடிவுக்குக் காத்திருக்கிற ஆளுக்கு அது இன்னும் ஆபத்து. அப்பிடி விசா சிக்கல் உள்ள ஆளை முன் வரிசையில விடவே கூடாது, அவருக்குச் சமைக்கிற வேலை, போன் வேலை, மொழிபெயர்ப்பு வேலை எவ்வளவோ இருக்கு. எல்லாரின்ர சட்டைப்பையிலயும் ஒரு சின்னக் கார்ட், அதில ஒரு சொலிசிட்டர் நம்பர், பொலிஸ் பிடிச்சா பேரும் விலாசமும் தவிர மற்றதுக்கு வக்கீல் வரும்வரைக்கும் வாய் திறக்காதே எண்டு தமிழில. கைதான ஆள் வெளிய வரும்வரைக்கும் ஸ்ரேசன் வாசலில ஆள் நிக்கவேணும், எத்தினை மணியானாலும், கையில சாப்பாட்டோட. இதைச் செய்யாத அமைப்புக்கு அடுத்தமுறை ஒருத்தரும் வராயினம்.

இதெல்லாம் ஈஸ்ட்ஹாமிலயே இருந்தது. 1980 ஜூலையில ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில ஒரு பாகிஸ்தான் இளைஞனைத் துவேசக் கும்பல் குத்திக் கொலை செய்த பிறகு, அந்த வருசம் நியூஹாம் மொனிட்டரிங் ப்ரொஜெக்ட் எண்டு ஊர்ச்சனம் தொடங்கினது. 24 மணித்தியால அவசர போன், தொண்டர்கள் முறைபோட்டு எடுப்பினம், அடிவாங்கினவர் கூப்பிட்டா இரவு ரெண்டு மணிக்கும் ஆள் வரும், கோர்ட் முடியும்வரைக்கும் கூட நிக்கும். எங்கட கன குடும்பங்களும் அந்த போனுக்கு அடிச்சவை. இப்ப அது இல்லை. அந்த இடம் வெறுமையாக் கிடக்கு, அதே தெருவில எங்கட கோயில், நகைக்கடை, ரியூசன் சென்ரர் எல்லாம் நிறைஞ்சு கிடக்கு.

பொம்பிளையளைப் பற்றி ஒண்டு. சவுத்ஹோலில 1976 இல குர்தீப் சிங் சாகர் எண்ட 18 வயசுப் பெடியனைக் குத்திக் கொலை செய்த பிறகு ஆம்பிளைப் பெடியள் தங்கட இளைஞர் இயக்கத்தைத் தொடங்கினவை, நல்லா நிண்டவை, ஆனால் வீட்டுக்குள்ள பொம்பிளைக்கு விழுற அடியைப் பற்றிக் கதைச்சா இப்ப அது முக்கியமில்லை எண்டு வாயை அடைச்சவை. 1979 இல சவுத்ஹோல் பிளாக் சிஸ்டர்ஸ் எண்ட பொம்பிளையள் அமைப்பு தனியாத் தொடங்கவேண்டி வந்தது அதாலயும்தான். எங்கட குழுவில தேத்தண்ணி ஆம்பிளையள் போடட்டும், முடிவெடுக்கிற மேசையில பாதிக் கதிரை பொம்பிளையளுக்கு இருக்கட்டும். அப்பிடி இல்லாட்டி நான் அதுக்குள்ள வரமாட்டன்.

எங்கட சாதிக் கதையையும் இதுக்குள்ள கொண்டுவராதேங்கோ. ஆர் ஆரின்ர வீட்டில தண்ணி குடிக்கிறது எண்டு இன்னும் பாக்கிற ஆக்கள் பாசிசத்தை எதிர்க்கிறம் எண்டு நிக்கேலாது. கறுப்புச் சனத்தை எங்கட வீடுகளில சொல்லுற பேரும் அதே கணக்குத்தான், பிள்ளையள் கேட்டுக்கொண்டுதான் இருக்கினம்.

எங்கட ஆக்கள் இதுக்குப் புதுசு எண்டும் நினைக்காதேங்கோ. 1958 கலவரத்தோட கொழும்பை விட்டு லண்டனுக்கு வந்த அம்பலவாணர் சிவானந்தன், வந்து இறங்கின நேரம் நொட்டிங் ஹில்லில கறுப்புச் சனத்துக்கு அடி விழுந்துகொண்டிருந்தது. அவர்தான் பிறகு இன்ஸ்டிட்யூட் ஒஃப் ரேஸ் ரிலேஷன்ஸ் எண்ட நிறுவனத்தைப் பெரியாக்களின்ர ஆராய்ச்சி மடமா இருந்ததில இருந்து அடிவாங்கிற சனத்தின்ர பக்கம் திருப்பினவர். அவர் 2018 இல காலமானபோது கறுப்பு, ஆசிய, ஐரிஷ், வெள்ளைத் தொழிலாளர் எல்லாரும் அவரைத் தங்கட ஆளா நினைச்சு அழுதவை, எங்கட எத்தினை சங்கத்தில ஒரு இரங்கல் கூட்டம் வைச்சனாங்கள் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

2025 செப்டம்பர் 13 லண்டன் நடுவில தீவிர வலதுசாரியள் நடத்தின ஊர்வலத்துக்கு 110,000 இல இருந்து 150,000 பேர் வந்தவை எண்டு பொலிசே கணக்குச் சொன்னது. வந்த எல்லாரும் பாசிசவாதி எண்டு நான் சொல்லமாட்டன், வாடகையாலயும் ஆஸ்பத்திரி வரிசையாலயும் வெறுத்துப்போன சனமும் அதுக்குள்ள இருக்கு, பாரகன் மான்ஷன்ஸ் குடும்பங்கள் மாதிரி. ஆனால் அதை நடத்தினவங்கள் ஆர் எண்டும் அவங்களுக்கு என்ன வேணும் எண்டும் எங்களுக்குத் தெரியும். 1936 இல தெருவில மூவாயிரம் கறுப்புச்சட்டைக்கு ஒரு லட்சம் பேர் எதிர நிண்டது, இப்ப எண்ணிக்கை தலைகீழாப் போச்சுது, அந்தச் செப்டம்பர் ஊர்வலத்துக்கு எதிர நிண்டவை சில ஆயிரம்தான். எங்கட கோயில் தேருக்கு வாற சனத்தில பத்தில ஒண்டு வந்திருந்தாக் கூட அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியிற வித்தியாசமா இருந்திருக்கும்.

அதால நான் கேக்கிறது இவ்வளவுதான். மாசத்தில ஒரு பின்னேரம் உங்கட மண்டபத்தைக் காசு வாங்காமல் தாங்கோ, கோயிலின்ர பேரில இல்லாட்டியும் பரவாயில்லை. பக்கத்துப் பள்ளிவாசல், குருத்வாரா, சேர்ச், வாடகைக்காரர் சங்கம், ரீச்சர்மார் யூனியன் எல்லாத்துக்கும் நீங்களே ஒரு கடிதம் போட்டு அந்தப் பின்னேரத்துக்குக் கூப்பிடுங்கோ, உங்கட கையெழுத்தோட போனா அவை வருவினம், என்ர கையெழுத்துக்கு வராயினம். தேர், தீர்த்தத்துக்கு வீதியில சனத்தை ஒழுங்குபடுத்துற உங்கட தொண்டர்களுக்கு இந்த வேலையில பாதி ஏற்கெனவே தெரியும், அவையை வரச்சொல்லுங்கோ. தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் பஸ்ஸில, பள்ளிக்கூட வாசலில பிள்ளையளுக்கு நடக்கிறதை ஒரு கொப்பியில திகதி, நேரம், இடத்தோட எழுதத் தொடங்குங்கோ, இப்ப பிள்ளையள் வீட்டில சொல்லுறேல்லை, சொன்னாலும் நாங்கள் விடு எண்டு சொல்லிப்போட்டு இருக்கிறம். எங்கட சொலிசிட்டர்மார் கனபேர் இருக்கினம், அவையில ரெண்டு பேரை அந்தக் கார்டுக்கு நம்பர் தரச்சொல்லிக் கேளுங்கோ. அன்னதானம் மிஞ்சுற நாளில பக்கத்தில இருக்கிற அகதி ஹொட்டலுக்கு ரெண்டு பேர் கொண்டுபோய்க் குடுத்து, அங்க இருக்கிற ஆக்களின்ர பேரைக் கேட்டுக்கொண்டு வாங்கோ, ஆபத்து வாற நாளில முகம் தெரிஞ்ச ஆள் வாசலில நிக்கவேணும். அடுத்தமுறை அப்பிடி ஒரு லிஸ்ட் போனில வந்தா, வீட்டை போங்கோ எண்ட மெசேஜுக்குப் பதிலா எந்தச் சந்தியில எத்தினை மணிக்குச் சேருறம் எண்டு அனுப்புங்கோ, வர ஏலாதவை ஆருக்கு போன் அடிக்கிறது எண்டும் அதிலயே போடுங்கோ.

உங்கட அடுத்த நிர்வாகசபைக் கூட்டத்தில இதை ஒரு விடயமா எடுங்கோ. வேண்டாம் எண்டு முடிவெடுத்தாலும் ஏன் வேண்டாம் எண்டு சனத்துக்கு முன்னால சொல்லுங்கோ. ஓம் எண்டா கதிரை அடுக்கிறது, கூட்டுறது, தேத்தண்ணி, பால், சீனி எல்லாம் எங்கட பொறுப்பு, மண்டபத் திறப்பை ஆரிட்ட வாங்கி ஆரிட்டக் குடுக்கிறது எண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ.

இப்படிக்கு,
உங்கட ஊரில, உங்கட தெருவில இருக்கிற ஒரு தாய்